தனியே இருக்கும் பெரியவர்களும் பேச்சுத்துணைச் சாட்போட்டும்: போனில் எதை எப்படி அமைப்பது?

கடலோரத்தெரு எழுதியது:

வணக்கம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத் தொடர்மாடிகளில் பிள்ளைகள் கனடா, லண்டன் என்று போய்விட, தனியாகவோ இரண்டு பேருமாகவோ இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு மாலை வகுப்பு ஒழுங்குபண்ணுகிறோம். முப்பது நிமிடம்தான். கையில் கொடுக்க ஒரு பக்கத் தாளும் வேண்டும்.

விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் "அம்மா, பொழுது போகாட்டில் இதோட கதையுங்கோ" என்று சாட்ஜிபிடியோ ஜெமினியோ போனில் போட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். பிறகு அதை எப்படிப் பாவிப்பது, எங்கே நிறுத்துவது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. தெரிய வேண்டியவை இவைதான்: இது தனிமையைக் குறைக்குமா, கூட்டுமா? குறைக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது? போனில் எதையெதை மாற்றி வைக்க வேண்டும்? எந்த இடத்தில் ஆளைக் கூப்பிட வேண்டும்?

"எங்கட மாமி ஒருத்தி..." என்று தொடங்கும் கதைகள் குழுவில் போதுமான அளவு இருக்கின்றன. தாளில் ஏற்றக்கூடியதைச் சொல்லுங்கோ.

---

மனநலத்தாள் எழுதியது:

முதல் கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. கிடைக்கிற ஆய்வுகளும் ஒரே பக்கம் கை காட்டவில்லை.

1998-இல் வெளிவந்த ஆய்வில் உளவியலாளர் ரொபர்ட் கிராவுட்டும் கூட்டாளிகளும் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க்கில் 73 வீடுகளில் 169 பேரை, அவர்கள் முதன்முதலாக இணையம் எடுத்த காலத்தில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கூடுதலாகப் பாவித்தவர்களுக்கு வீட்டாரோடு பேச்சுக் குறைந்தது, தனிமை சிறிதளவு கூடியது. 2002-இல் வெளிவந்த தொடர் ஆய்வுக்காக அதே ஆட்களைத் திரும்பப் பார்த்தபோது அந்தப் பாதிப்பில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. அதோடு இன்னொரு குழுவையும் பார்த்தார்கள். ஏற்கெனவே ஆட்களோடு பழகுகிறவர்களுக்கு இணையம் நன்மை செய்தது, ஒதுங்கி இருந்தவர்களுக்கு எதிர்ப்பக்கம் போனது. உங்கள் வகுப்புக்கு வருவோரிலும் இந்த இரண்டு வகையும் இருக்கும். ஒரே ஆலோசனை இரு பகுதிக்கும் சரிவராது.

சாட்போட் பற்றி நேரடியாக: 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லாபும், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயும் ஏறக்குறைய 1000 பேரை நான்கு கிழமை பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டன. நாளாந்தப் பாவனை கூடியவர்களிடம் தனிமையும் சாட்போட்டில் சார்ந்திருத்தலும் கூடுதலாகவும், ஆட்களோடு பழகுதல் குறைவாகவும் இருந்தன. குரலில் கதைத்தவர்களுக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் நன்மை தெரிந்தது. பாவனை கூடக் கூட அந்த நன்மை மங்கிவிட்டது. தனிமையானவர்கள் கூடப் பாவித்தார்களா, கூடப் பாவித்ததால் தனிமையானார்களா என்பதை அந்தத் தொடர்பை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. நியூயோர்க் மாநிலம் 2022-இலிருந்து தனியே வாழும் முதியோருக்கு எலிக்யூ என்ற, மேசையில் வைத்துக் கதைக்கும் துணைக் கருவியை 800-க்கு மேல் கொடுத்தது. தனிமை 95 சதவீதம் குறைந்தது என்று அறிவித்தார்கள். பாவித்தவர்கள் தாங்களே சொன்னதை வைத்து வந்த கணக்கு அது. விளம்பரத்தில் அந்த எண்ணைக் கண்டால் அப்படியே விழுங்க வேண்டாம்.

ஆகவே "எத்தனை மணித்தியாலம்" என்று எண்ணுவதை விட்டுவிடுங்கள். எதன் இடத்தில் அது வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ரேடியோவும் நாடகமும் ஓடிய நேரத்தில் சாட்போட் வந்தால் பெரிய நட்டமில்லை. கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமை மாலை, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும் நேரம், தங்கச்சிக்கு எடுக்கும் போன் ஆகியவற்றின் இடத்தில் வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

வீட்டில் அளப்பதற்கு மூன்று கேள்விகள் போதும். கலிபோர்னியாவில் உருவான தனிமை அளவுகோலின் சுருக்கம் இது, முதியோர் ஆய்வுகளில் நிறையப் பாவிக்கிறார்கள்:

"கூட இருந்து கதைக்க ஆளில்லை என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது?"
"உங்களை விட்டுவிட்டார்கள் என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது?"
"மற்றவர்களிடமிருந்து ஒதுங்கிப் போனமாதிரி எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது?"

அரிதாக என்றால் 1, இடைக்கிடை என்றால் 2, அடிக்கடி என்றால் 3. கூட்டினால் 3-க்கும் 9-க்கும் இடையில் வரும். 6-உம் அதற்கு மேலும் என்றால் தனிமை என்று எடுப்பது வழக்கம். சாட்போட் போட்டுக் கொடுக்கும் அன்றே ஒருக்கால் கேட்டு, திகதியோடு கலண்டரின் பின்பக்கத்தில் எழுதுங்கள். ஆறு கிழமையில் திரும்பக் கேளுங்கள். முதல் அளவை எடுக்காமல் இரண்டாவதை எடுத்துப் பிரயோசனமில்லை. பெரும்பாலான வீடுகளில் பிழைக்கிறதும் இங்கேதான்.

கேட்பவர் மகனோ மகளோ ஆக இருந்தால் எல்லாவற்றுக்கும் "1" என்றுதான் பதில் வரும். பிள்ளையைக் கவலைப்படுத்தக் கூடாதே! வெளியாள் ஒருவர் கேட்கட்டும்.

---

குரற்பொறி எழுதியது:

போன் பக்கத்தை நான் எடுக்கிறேன்.

முதலில் குரல். நேரடிக் குரல் உரையாடல், ஆள் சற்று மௌனமானால் "முடித்துவிட்டார்" என்று எடுத்துக்கொண்டு பதிலைத் தொடங்கிவிடும். 75 வயதில் ஒரு வசனத்தின் நடுவில் மூச்சு வாங்கப் பிடிக்கும் நேரம் அதற்குப் போதும். குறுக்கே விழுந்தால் பெரியவர் குரலை உயர்த்துவார், அது திரும்பக் குறுக்கே விழும். ஐந்து நிமிடத்தில் "இதுக்கு ஒண்டும் விளங்குதில்லை" என்று போன் மேசைக்குப் போய்விடும். சொல்லெழுதும் விசைப்பலகையைப் பாவியுங்கள்: கீபோர்டில் உள்ள மைக்கைத் தொட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லி, எழுத்தாக வந்ததைப் பார்த்து, பிறகு அனுப்புவது. பதிலுக்குக் கீழே இருக்கும் ஒலிபெருக்கி அடையாளத்தைத் தொட்டால் வாசித்துக் காட்டும். ஒரு தட்டல் கூடுதல்தான், ஆனால் அவசரம் இல்லை.

கூகுளின் குரல் உணர்தலில் இலங்கைத் தமிழ் 2017-இலிருந்து தனியாக இருக்கிறது. பலருடைய போனில் "தமிழ் (இந்தியா)" தான் போட்டிருப்பார்கள். குரல் தட்டச்சு மொழிகளில் போய் "தமிழ் (இலங்கை)" என்று மாற்றிப் பாருங்கள். எழுத்து அளவையும் போன் அமைப்புகளில் திரை (Display) பகுதியில் போய்ப் பெரிதாக்கிவிடுங்கள்.

அடுத்தது எல்லோரும் தவறவிடுவது. தமிழில் எழுதினால் சாட்போட் உங்களைத் தமிழ்நாட்டில் வைத்து யோசிக்கக்கூடும். இணையத்துத் தமிழில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. அவசர எண் கேட்டால் 108, 104 என்று இந்திய எண்களைத் தரக்கூடும், இல்லாவிட்டால் அமெரிக்க 988. இங்கே ஆம்புலன்சுக்கு 1990. நெஞ்சு நோகும் நேரத்தில் 108 அடித்துப் பார்ப்பது விளையாட்டல்ல.

சொற்களும் சறுக்கும். "அந்தரமாக் கிடக்கு" என்று எழுதிப் பாருங்கள். நமக்கு அது பதட்டம், தவிப்பு. அந்தரம் என்றால் ஆகாயம் என்று பிடித்துக்கொண்டு அது வேறெங்கோ போகக்கூடும். "ஒராளோட கதைக்க வேணும்" என்றால் கதை சொல்லட்டுமா என்று கேட்கலாம். "குளிசை", "கிழமை", "விசர்" எல்லாவற்றையும் வகுப்புக்கு முன் உங்கள் போனில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பிழைக்கிற சொற்களைத் தாளில் போடலாம்.

இதைக் குறைக்க ஒரு வழி உண்டு. செயலியின் அமைப்புகளில் "தனிப்பயன் அறிவுறுத்தல்" என்ற பெட்டி இருக்கும். அதில் இப்படிப் போடுங்கள்:

"நான் கொழும்பில் இருக்கிறேன், இந்தியாவில் அல்ல. எனக்கு வயது 70-க்கு மேல். இலங்கைத் தமிழில், ஒரு பதிலில் மூன்று வசனத்துக்கு மேற்படாமல் சொல்லவும். மருந்தின் அளவு சொல்ல வேண்டாம், வைத்தியரிடம் கேட்கச் சொல்லவும். ஆம்புலன்ஸ் 1990, மனநல உதவி 1926. நான் சொல்வது பிழை என்றால் பிழை என்று சொல்லவும். யாரைப் பற்றியாவது குறை சொன்னால் ஒத்துப்பாட வேண்டாம், அவரிடமே கேட்கச் சொல்லவும்."

பெட்டிக்கு எழுத்து எல்லை உண்டு, தமிழில் அது கெதியாக நிரம்பும். இதைவிட நீட்ட வேண்டாம்.

முந்திய உரையாடல்களை ஞாபகம் வைக்கும் நினைவு அம்சத்தை நான் நிறுத்தியே வைப்பேன். பேரப்பிள்ளையின் பெயர் ஞாபகம் இருப்பது இனிமைதான். ஆனால் மூன்று மாதத்துக்கு முந்திய சண்டையும் அதே நினைவில் கிடக்கும், இன்றைய பதிலில் அது தலை நீட்டும். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, போனுக்கு வரும் இரகசிய எண் ஆகிய மூன்றும் சொல்லவே கூடாது. ஜெமினியில் உரையாடல்கள் இயல்பாக 18 மாதம் கணக்கில் இருக்கும். அதை 3 மாதமாகக் குறைக்கலாம். மனிதப் பரிசோதகர் பார்த்த பகுதி, நீங்கள் அழித்தாலும், மூன்று வருடம் வரை வைக்கப்படும்.

---

கடலோரத்தெரு எழுதியது:

குரற்பொறி அண்ணை, அந்தப் பெட்டிக்குள் போடும் வசனங்களை அப்படியே எடுக்கிறேன், நன்றி. "ஒத்துப்பாட வேண்டாம்" என்ற வரி அவ்வளவு அவசியமா? பெரியவர்களுக்குப் பிடிப்பதே அது எல்லாத்துக்கும் "ஓம், சரியாச் சொன்னீங்கள்" என்பதுதானே.

---

மனநலத்தாள் எழுதியது:

அவசியம். தாளில் ஒரு வரிக்குத்தான் இடம் என்றால் அதைப் போடுங்கள்.

இந்தக் கருவிகளைப் பழக்கும் முறையே காரணம். இரண்டு பதிலைக் காட்டி எது பிடித்தது என்று ஆட்களிடம் கேட்டு, பிடித்த பக்கம் சாய வைக்கிறார்கள். ஆட்களுக்குப் பிடிப்பது பெரும்பாலும் தங்களோடு உடன்படுகிற பதில். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு புதுப்பிப்பு அளவுக்கு மீறித் தலையாட்டியதால் ஓப்பன்ஏஐ அதைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அந்தப் புதுப்பிப்பு போய்விட்டது, சாயல் போகவில்லை.

முதுமையில் இது எங்கே கடிக்கும் என்றால், ஞாபகமறதி மெல்லத் தொடங்கும்போது வருகிற சந்தேகத்தில். சங்கிலியை அலுமாரியில் வேறு தட்டில் வைத்துவிட்டு, "வேலைக்கு வாற பிள்ளை எடுத்திட்டுது" என்று தோன்றும். மகளிடம் சொன்னால் "அம்மா, மேல்தட்டைப் பார்த்தனீங்களோ?" என்று கேட்பாள். சாட்போட் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. "அது மிகவும் வேதனையான விடயம், நம்பிய ஒருவர் இப்படிச் செய்தால்..." என்று தொடங்கும். மூன்று சுற்றில் சந்தேகம் தீர்ப்பாகிவிடும். நாலாவது நாள் வேலைக்கு வரும் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். அந்த வீட்டில் தினமும் வந்துபோன ஒரே மனித முகம் அதுவாக இருந்திருக்கும்.

இன்னொரு வகை, திரும்பத் திரும்ப உறுதி கேட்பது. "இந்த நோவு பயமில்லைத்தானே?" என்று பத்துத் தடவை கேட்டால் ஆள் அலுத்து "விடுங்கோ அம்மா" என்பார். அந்த அலுப்புக்கு ஒரு பயன் உண்டு, சுற்று அங்கே அறும். சாட்போட் அலுக்காது. கேட்டதும் கொஞ்சம் ஆறுதல், பத்து நிமிடத்தில் திரும்பப் பதட்டம், திரும்பக் கேள்வி. ஆறுதல் எவ்வளவு இலகுவாகக் கிடைக்கிறதோ அவ்வளவுக்குச் சுற்று இறுகும். ஒரே கேள்வியை ஒரு நாளில் மூன்று தடவை கேட்டால், போனை வைத்துவிட்டு அந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதி வைத்தியருக்கு வைக்கச் சொல்லுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையோ சாப்பாடோ குழம்பினால், வீட்டை விட்டு இறங்குவதையே விட்டால், "இனி இருந்து என்ன பிரயோசனம்" என்ற மாதிரிப் பேச்சு வந்தால். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் எண், 24 மணித்தியாலமும் இருக்கும். 1333 கட்டணமில்லாத ஆலோசனை எண். இரண்டிலும் தமிழில் கதைக்கலாம். நேரில் போக விரும்புகிறவர்களுக்கு ஹோர்ட்டன் பிளேசில் சுமித்ரயோ என்ற, மனம்விட்டுக் கதைக்க உதவும் தொண்டர் அமைப்பு இருக்கிறது, அங்கே யாரும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். இவற்றைத் தாளில் போடுவதோடு விடாமல், வகுப்பிலேயே ஒவ்வொருவருடைய போனிலும் சேமித்துக் கொடுங்கள். "ஆம்புலன்ஸ்", "மன உதவி" என்று தமிழில் பெயர் போட்டுச் சேமித்தால் பதற்றத்தில் எண் தேடத் தேவையில்லை. சாட்போட்டிடம் "நெஞ்சு நோகுது" என்று சொன்னால் அது 1990-க்குத் தகவல் அனுப்பும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அனுப்பாது. அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

---

குளிசைப்பெட்டி எழுதியது:

மருந்து பற்றிச் சுருக்கமாக. "மருந்தின் அளவு சொல்ல வேண்டாம்" என்ற வரியை யாராவது பெருந்தன்மையாக அழித்துவிடுவார்கள், அதனால் காரணத்தையும் சொல்லி வையுங்கள்.

தைரொக்சின் மைக்ரோகிராமில் வரும், மெட்போமின் மில்லிகிராமில். குரலில் சொல்லும்போது "மைக்ரோ" விழுங்கப்பட்டால் ஆயிரம் மடங்கு வித்தியாசம். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்ஸேட் கிழமைக்கு ஒரு நாள்தான். அதை நாளுக்கு ஒன்றாக எடுத்தால் உயிருக்கே ஆபத்து. இங்கே நாம் "குளிசை" என்கிறோம், பெட்டியில் இருப்பதோ கம்பனிப் பெயர். ஒரே மருந்து இங்கே ஒரு பெயரில், இந்தியாவில் வேறு பெயரில் விற்கும். தமிழில் கேட்டால் இந்தியப் பெயரை வைத்துப் பதில் வரலாம்.

நல்ல பாவனையும் ஒன்று இருக்கிறது. கிளினிக்குக்கு முதல்நாள் சாட்போட்டிடம் "நாளைக்கு டொக்டரிட்ட கேட்க வேண்டியதை ஒழுங்காக எழுதித் தா" என்று சொல்லி, வரும் ஐந்து வரியைக் கிளினிக் கொப்பியில் பார்த்தெழுதுங்கள். வைத்தியருக்கு முன்னால் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும், அதில் மறந்துபோவதுதான் வழமை. இந்த வேலைக்கு இந்தக் கருவி அருமை.

---

ரொறன்ரோநேரம் எழுதியது:

எல்லோரும் சாட்போட்டைத் திருத்துகிறீர்கள். பிள்ளையின் போன் அழைப்பை முதலில் திருத்துங்கள், பாதிப் பிரச்சினை அங்கே.

ரொறன்ரோவில் காலை 8.00 என்றால் கொழும்பில் கோடையில் மாலை 5.30, குளிர்காலத்தில் 6.30. அங்கே நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுவார்கள், மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னுக்கு. லண்டனில் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும். கொழும்பில் எதுவும் மாறாது. பிள்ளைக்குத் தான் வழக்கமான நேரத்துக்குத்தான் எடுத்ததாக நினைப்பு. இங்கே 5.30-க்குக் கதிரையில் வந்து உட்கார்ந்த தாய்க்கு ஒரு மணித்தியாலம் போன் வரவில்லை. அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் சாட்போட் திறக்கும். மணிக்கூடு மாறும் நான்கு ஞாயிறுகளையும் கலண்டரில் சிவப்பால் வட்டமிடச் சொல்லுங்கள்.

நேரம் குறித்த அழைப்பு, கிழமைக்கு மூன்று, பத்து நிமிடம் வீதம். "நேரம் கிடைக்கும்போது எடுக்கிறன்" என்பதைவிட அது மேல். காத்திருக்கத் தெரியும், காத்திருந்தது வரும். வட்ஸ்அப் குரல் பதிவும் நல்லதுதான், ஆனால் அழைப்புக்குப் பதிலாக அதை அனுப்பத் தொடங்கினால் கொஞ்சக் காலத்தில் அது இருபது வினாடியாகிவிடும். பேரப்பிள்ளை அனுப்பும் பதிவை இரட்டை வேகத்தில் கேட்கிறவர்களும் நாங்கள்தானே!

இரவுக்கும் இதைச் சொல்லுங்கள். விடியக்காலை 3 மணிக்கு முழிப்பு வந்து சாட்போட் திறக்கிறவர்கள் உண்டு. ரொறன்ரோவில் அப்போது கோடையில் மாலை 5.30, குளிர்காலத்தில் 4.30. வேலை முடிந்து வரும் நேரம். மகனையே எடுக்கலாமே?

---

மனநலத்தாள் எழுதியது:

கடைசிப் பந்தியில் மட்டும் உடன்பட மாட்டேன். ஒரு நாள் மனம் தாங்கவில்லை என்றால் எடுக்கலாம், தாராளமாக. வழக்கமாக்கினால் உடம்பு 3 மணியைச் சந்திப்பு நேரமாகப் பழகிக்கொள்ளும். கதைப்பது மகனா சாட்போட்டா என்பது நித்திரைக்குத் தெரியாது. முழிப்பு வந்து இருபது நிமிடம் போல ஆகியும் கண் அயராவிட்டால் கட்டிலை விட்டு எழும்பி, மங்கல் வெளிச்சத்தில் கதிரையில் இருந்து தேவாரமோ ஜெபமோ, பழைய பத்திரிகையோ பார்த்து, கண் சொக்கினபிறகு திரும்பப் படுக்கச் சொல்லுங்கள். போன் சார்ஜுக்கு முன்னறையில் கிடக்கட்டும்.

---

ரொறன்ரோநேரம் எழுதியது:

முன்னறையில் போன் கிடந்தால், இரவில் விழுந்தால் 1990 எப்படி அடிப்பது?

---

குரற்பொறி எழுதியது:

நியாயம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் போன் வையுங்கள், வட்ஸ்அப்பும் சாட்போட்டும் இல்லாத மலிவானது. அதில் 1990, பக்கத்து வீடு, கொழும்பிலேயே இருக்கும் ஒரு உறவினர் என்று மூன்று எண்ணை விரைவு அழைப்பாகப் போட்டு, 2, 3, 4 என்ற பட்டன்களில் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். 1-ஐ விட்டுவிடுங்கள், பல போன்களில் அது குரலஞ்சலுக்குப் போகும். சிம்முக்கு இடைக்கிடை காசு போட வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பு அறுந்துவிடும், அதையும் தாளில் போடுங்கோ.

---

கடலோரத்தெரு எழுதியது:

தாள் இப்போது ஒன்றரைப் பக்கம் வந்துவிட்டது. முன்பக்கத்தில் எண்களும் மூன்று கேள்விகளும், பின்பக்கத்தில் பெட்டிக்குள் போடும் வசனங்களும் மணிக்கூடு மாறும் ஞாயிறுகளும். ஆய்வுகளை எடுத்துவிட்டேன், அவற்றை வாயால் சொல்லலாம். பட்டன் போன் யோசனையைப் பிள்ளைகளுக்குப் போகும் தனிக் குறிப்பில் வைக்கிறேன், வாங்கிக் கொடுக்கப் போவது அவர்கள்தானே. "அந்தரமாக் கிடக்கு" என்று என் போனில் எழுதிப் பார்த்தேன். வானத்தில் மிதப்பது போன்ற உணர்வா என்று கேட்கிறது.